வெளிநாட்டு இணையவழிப் பட்டம்: பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

சென்ற ஆண்டு ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின், எம்மிடம் ஓதிய பழைய மாணவர் ஒருவர் எம்மைக் காண வந்தார். வணிகவியலில் இளங்கலைப் பட்டம் பெற்றவர். வளைகுடா நாடொன்றில் சரக்கு நிறுவனம் ஒன்றில் எட்டு ஆண்டுகளாகப் பணியாற்றி வருபவர். அவர் கையிலிருந்த உறைக்குள் தடித்த தாளில் அச்சிட்ட ஒரு சான்றிதழ் இருந்தது. ஸ்பெயின் நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று இணையவழியில் நடத்திய முதுகலைப் படிப்பை ஓராண்டு இரவு பகலாகப் படித்து முடித்து, அவர் பெற்ற பட்டம் அது. கட்டணத்துக்காக அவருடைய மனைவி தம் வளையல்களைக் கழற்றிக் கொடுத்திருந்தார்.

ஊர் திரும்பிக் கல்லூரி ஒன்றில் விரிவுரையாளராக வேண்டும், தொடர்ந்து முனைவர் பட்ட ஆய்வில் சேர வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஆனால் கல்லூரி அலுவலகம் சான்றிதழைப் பார்த்துவிட்டுச் சமநிலைச் சான்று கேட்டது. பல்கலைக்கழகத்தின் ஆய்வுப் பிரிவோ விண்ணப்பத்தையே திருப்பி அனுப்பிவிட்டது.

"ஹஜ்ரத், நான் ஏமாந்துவிட்டேனா? இது போலிப் பட்டமா?" என்று கேட்டார்.

சான்றிதழை வாங்கிப் பார்த்தோம். பல்கலைக்கழகம் மெய்யானது, அந்நாட்டில் பெயர் பெற்றதுங்கூட. முத்திரை மெய்யானது, கையெழுத்தும் மெய்யானது. ஆனால் பட்டத்தின் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் 'தீத்துலோ புரோப்பியோ' என்று இரண்டு சொற்கள் இருந்தன. அகராதியைப் புரட்டினோம். 'சொந்தப் பட்டம்' என்று பொருள் கிடைத்தது. அவருடைய விண்ணப்பம் திரும்பி வந்ததற்கான காரணம் அவ்விரண்டு சொற்களில்தான் அடங்கியிருந்தது.

அன்பு வாசகர்களே! இன்று நம் வீடுகளில் கைப்பேசியைத் திறந்தாலே, 'வீட்டிலிருந்தபடியே ஐரோப்பிய முதுகலைப் பட்டம்' என்னும் விளம்பரம் கண்ணில் படுகிறது. வளைகுடாவில் உழைக்கும் இளைஞர்களும், குழந்தைகளை வளர்த்துக்கொண்டே மேலும் படிக்க விரும்பும் சகோதரிகளும் அதனால் ஈர்க்கப்படுவது இயல்பே. அவர்களுடைய ஆர்வத்தைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அந்தப் பட்டத்தை எவர் ஏற்பார், எவர் ஏற்கமாட்டார், ஏன் என்பதைப் பணம் கட்டுமுன் அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதனை எழுதுகிறோம்.

போலி வேறு, அதிகாரப்பூர்வமற்றது வேறு

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிக்கொள்வோம். வெளிநாட்டுப் பட்டங்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை போலிப் பட்டம். இதில் படிப்பும் இல்லை, பல்கலைக்கழகமும் இல்லை. பணத்துக்குத் தாள் கிடைக்கும், அவ்வளவே. பாகிஸ்தானின் கராச்சியில் இயங்கிய ஆக்ஸாக்ட் என்னும் நிறுவனம், இல்லாத பல்கலைக்கழகங்களின் பெயரில் 370 வரையிலான இணையதளங்களை நடத்திப் பட்டங்களை விற்றதாக 2015 மே மாதத்தில் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழ் அம்பலப்படுத்தியது. அத்தகைய தாளை வேலைக்காகக் காட்டுவது குற்றமாகும்.

இரண்டாம் வகை அதிகாரப்பூர்வமான பட்டம். இதனை வழங்கும் பல்கலைக்கழகத்தை மட்டுமல்லாமல், அந்தக் குறிப்பிட்ட படிப்பையும் அந்நாட்டின் சட்டம் தன் உயர்கல்வி முறையின் ஓர் அங்கமாக ஏற்றுக்கொண்டிருக்கும்.

மூன்றாம் வகை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. பல்கலைக்கழகம் உண்மையானது, பாடம் உண்மையானது, தேர்வும் உண்மையானது. ஆனால் அந்தப் படிப்பு அரசின் பட்டங்கள் வரிசையில் இடம்பெறுவதில்லை. பல்கலைக்கழகம் தன் பொறுப்பில் தானே வகுத்து, தானே நடத்தி, தானே சான்று வழங்குகிறது. நம் மாணவரின் பட்டம் இவ்வகையைச் சேர்ந்தது.

'பல்கலைக்கழகம் அங்கீகாரம் பெற்றதா?' என்ற கேள்விக்கு மூன்றாம் வகையிலும் 'ஆம்' என்ற விடையே வரும். விளம்பரமும் அதைத்தான் உரக்கச் சொல்லும். நாம் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி, 'இந்தப் பட்டம் அங்கீகாரம் பெற்றதா?' என்பது. அதைக் கேட்பவர் சிலரே.

ஸ்பெயினில் ஒரே பெயரில் இரண்டு பட்டங்கள்

இவ்வேறுபாட்டைத் தெளிவாக விளக்கும் நாடு ஸ்பெயின். அங்கே ஒரே பல்கலைக்கழகம், ஒரே துறையில், 'மாஸ்டர்' என்ற ஒரே பெயரில் இருவகைப் பட்டங்களை வழங்க இயலும்.

அதிகாரப்பூர்வ மாஸ்டர் படிப்பைத் தொடங்க வேண்டுமாயின், பாடத்திட்டம் முன்கூட்டியே தர மதிப்பீட்டுக்கு உட்பட வேண்டும். 2002இல் நிறுவப்பட்ட 'அனெக்கா' என்னும் தேசியத் தர மதிப்பீட்டு நிறுவனமோ, அதைப் போன்ற மாநில அமைப்போ அதனை ஆராயும். பின்னர் பல்கலைக்கழகங்களின் மன்றம் சரிபார்க்கும். இறுதியில் 'பல்கலைக்கழகங்கள், மையங்கள், பட்டங்கள்' பற்றிய அரசுப் பதிவேட்டில் அப்படிப்பு இடம்பெறும். அந்தப் பட்டம் அந்நாட்டு மன்னரின் பெயரால் வழங்கப்படுகிறது. முனைவர் பட்ட ஆய்வுக்கு அது வழிவிடும். உயர்நிலைப் பள்ளி ஆசிரியர், வழக்கறிஞர் போன்று சட்டத்தால் வரையறுக்கப்பட்ட தொழில்களுக்குத் தேவையான முதுகலைப் படிப்பும் இவ்வகையினதே.

சொந்தப் பட்டமோ பல்கலைக்கழகத் தலைவரின் பெயரால் வழங்கப்படுவது. அதன் பாடத்திட்டத்தையும் கட்டணத்தையும் பல்கலைக்கழகமே வகுக்கிறது. அதனைக் கொண்டு மட்டும் முனைவர் பட்டப் படிப்பில் சேர இயலாது.

இதனால் சொந்தப் பட்டம் தரமற்றது என்று எவரும் முடிவு செய்துவிட வேண்டாம். 2005ஆம் ஆண்டின் அரசாணை அதிகாரப்பூர்வ மாஸ்டர் படிப்புக்கு வழி திறக்குமுன், ஸ்பெயினில் 'மாஸ்டர்' என்ற பெயருடன் வழங்கப்பட்டவை பெரும்பாலும் சொந்தப் பட்டங்களே. அவற்றைப் படித்தோர் பலர் தொழில்துறையில் உயர்ந்திருக்கின்றனர். சந்தைக்கு உடனே தேவைப்படும் புதிய துறைகளை அரசின் நீண்ட நடைமுறைக்குக் காத்திராமல் கற்பிக்க அவ்வழி உதவுகிறது.

ஆயினும் பெயர்க் குழப்பம் தொடர்ந்தது. 2021 செப்டம்பரில் வெளியான 822ஆம் எண் அரச ஆணை, சொந்தப் பட்டங்களுக்கு ஓர் ஒழுங்கை வகுத்தது. 60, 90 அல்லது 120 கிரெடிட் கொண்டவற்றை 'நிரந்தரக் கல்வி மாஸ்டர்' என்று குறிக்கச் செய்தது. ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. எனவே 60 கிரெடிட் படிப்பை முடித்தவர் ஏறத்தாழ 1500 மணி நேரமாவது உழைத்திருக்கிறார் என்பது கணக்கு. நம் மாணவரும் அவ்வளவு உழைத்தவர்தாம். அவர் படித்தது பொய்யன்று. அது போகும் தூரம்தான் வேறு.

கொலம்பியா கற்ற பாடம்

ஸ்பெயினின் சொந்தப் பட்டங்களால் பெரிதும் சிக்கலுக்குள்ளான நாடுகளுள் ஒன்று தென் அமெரிக்காவின் கொலம்பியா. மொழி ஒன்றாக இருப்பதால் அந்நாட்டவர் பலர் ஸ்பெயின் பல்கலைக்கழகங்களில் முதுகலை பயில்கின்றனர். ஊர் திரும்பி அரசுப் பணிக்கோ கல்லூரிப் பணிக்கோ செல்லும்போது, கல்வி அமைச்சகத்தில் பட்டத்தைச் சமப்படுத்திக்கொள்ள வேண்டும். அவ்விடத்தில் சொந்தப் பட்டம் கொண்டு வந்தவர்கள் தடுமாறினர்.

2015இல் இயற்றப்பட்ட 1753ஆம் எண் சட்டத்தின் 62ஆம் பிரிவு இதற்கு ஓர் எல்லைக் கோடு வரைந்தது. வழங்கிய நாட்டிலேயே அதிகாரப்பூர்வமாக இல்லாத பட்டங்களைச் சமப்படுத்தும் நடைமுறை, அச்சட்டம் நடைமுறைக்கு வருமுன் படிப்பில் சேர்ந்தவர்களுக்காக மட்டும் வகுக்கப்படும் என்றது. அறியாமல் சேர்ந்தவர்களுக்கு ஒரு வழி. இனிச் சேர்வோர் அறிந்து சேரட்டும் என்பது அதன் கருத்து.

பிறந்த நாடே தன் பட்டமாகக் கணக்கில் கொள்ளாத ஒன்றை, அடுத்த நாடு எவ்வாறு பட்டமாக ஏற்கும்? கொலம்பியா மட்டுமன்று, உலகின் பல நாடுகளும் இந்த அளவுகோலையே பயன்படுத்துகின்றன.

பல்கலைக்கழகங்கள் எவ்வாறு பார்க்கின்றன?

ஐரோப்பிய நாடுகள் ஒன்றின் பட்டத்தை மற்றொன்று ஏற்பதற்கு அடிப்படையாக அமைந்திருப்பது, 1997 ஏப்ரலில் லிஸ்பன் நகரில் கையெழுத்தான உடன்படிக்கை. குறிப்பிடத்தக்க வேறுபாடு இருப்பதாக நிறுவப்பட்டாலன்றி, ஒரு நாட்டின் பட்டத்தை மற்ற நாடு ஏற்க வேண்டும் என்பது அதன் நெறி. ஆனால் 'உயர்கல்விப் படிப்பு' எது என்பதை வரையறுக்கும்போது, அந்நாட்டின் உரிய அதிகாரம் தன் உயர்கல்வி முறையைச் சேர்ந்ததாக ஏற்ற படிப்பு என்றே அது சொல்கிறது. பல்கலைக்கழகத்தின் சொந்தப் பட்டம் இவ்விடத்தில்தான் வாசலுக்கு வெளியே நின்றுவிடுகிறது.

ஜெர்மனியில் 'அனாபின்' என்னும் பொதுத் தரவுத்தளம் உள்ளது. எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். வெளிநாட்டுக் கல்வி நிறுவனம் ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு குறியீடு இருக்கும். 'எச் பிளஸ்' எனில் அங்கீகாரம் பெற்ற உயர்கல்வி நிறுவனம். 'எச் மைனஸ்' எனில் அன்று. அத்துடன் நின்றுவிடாமல் பட்டத்தையும் தனியே ஒப்பிட்டுப் பார்க்கின்றனர். நிறுவனம் ஒரு கேள்வி, பட்டம் மற்றொரு கேள்வி என்னும் உண்மை அத்தரவுத்தளத்தின் அமைப்பிலேயே தெரிகிறது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம், 22ஆம் பிரிவில், பட்டம் வழங்கும் உரிமை எவருக்கு உண்டு என்பதைத் தெளிவாக வரையறுக்கிறது. வெளிநாட்டுப் பட்டங்களைச் சமப்படுத்தும் பணியை நீண்ட காலமாக இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் செய்து வந்தது. 2025 ஏப்ரலில் மானியக் குழு இதற்கெனப் புதிய ஒழுங்குமுறையை வெளியிட்டது. பட்டம் வழங்கிய நிறுவனம் தன் நாட்டில் முறைப்படி அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். படிப்பில் சேர்வதற்கான தகுதி இந்தியாவில் உள்ளதை ஒத்திருக்க வேண்டும் என்பன அதன் நிபந்தனைகளுள் சில. கிளை உரிமை பெற்று, இடைத்தரகராக ஒரு நிறுவனம் நடத்தும் படிப்பின் பட்டம் ஏற்கப்படமாட்டாது. மருத்துவம், மருந்தியல், செவிலியம், சட்டம், கட்டடக்கலை ஆகியன அந்தந்தத் தொழில் மன்றங்களின் பொறுப்பு.

இதற்கு முன்னரே, 2023 டிசம்பரில், மானியக் குழு ஓர் எச்சரிக்கை வெளியிட்டிருந்தது. கல்வித் தொழில்நுட்ப நிறுவனங்கள் சில, வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுடன் சேர்ந்து இணையவழிப் பட்டம் தருவதாக நாளிதழ்களிலும் சமூக ஊடகங்களிலும் விளம்பரம் செய்கின்றன. அத்தகைய கிளை ஏற்பாடு அனுமதிக்கப்பட்டதன்று. அவ்வழியில் பெற்ற பட்டம் அங்கீகரிக்கப்படாது என்பது அதன் சாரம். நம் வீட்டுப் பிள்ளைகள் கண்ட விளம்பரங்கள் எவ்வகையைச் சேர்ந்தவை என்பதை ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நமக்குத் தெரிந்த ஓர் எடுத்துக்காட்டு

இவ்வேறுபாடு நமக்குப் புதியதன்று. மத்ரஸாக்கள் வழங்கும் ஸனதை எண்ணிப் பாருங்கள். ஏழெட்டு ஆண்டுகள் ஓதிப் பெறும் ஸனதின் மதிப்பை நம் சமுதாயம் அறியும். மஸ்ஜிதில் இமாமாக, மத்ரஸாவில் ஆசிரியராக அமர்வதற்கு அதுவே சான்று. ஆனால் அது அரசு வழங்கும் பட்டமன்று.

உத்தரப் பிரதேச மத்ரஸா கல்விச் சட்டம் குறித்து 2024 நவம்பர் 5ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தச் சட்டம் செல்லும் என்றது. ஆயினும் காமில், ஃபாஸில் ஆகிய உயர்நிலைப் பட்டங்களை மத்ரஸா வாரியம் வழங்குவது மானியக் குழுச் சட்டத்துக்கு முரணானது என்று அந்தப் பகுதியை மட்டும் நீக்கியது. அங்கே கற்பிக்கப்படும் கல்வியின் தரத்தை நீதிமன்றம் இகழவில்லை. பட்டம் வழங்கும் அதிகாரம் எவரிடம் உள்ளது என்பதையே பார்த்தது.

மறுபுறம், அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகமும் ஜாமிஆ மில்லிய்யாவும் மௌலானா ஆஸாத் தேசிய உருதுப் பல்கலைக்கழகமும் குறிப்பிட்ட சில மத்ரஸாக்களின் ஸனதுகளைச் சில படிப்புகளில் சேர்வதற்குத் தகுதியாக ஏற்கின்றன. ஒரே சான்று ஓரிடத்தில் செல்லும், வேறோரிடத்தில் செல்லாது. அங்கீகாரம் என்பது எங்கும் எதற்கும் செல்லும் நாணயமன்று. எவர், எந்த நோக்கத்துக்காக அங்கீகரிக்கிறார் என்று கேட்டால்தான் அச்சொல்லுக்குப் பொருள் உண்டு.

வேலை தருவோர் எவ்வாறு பார்க்கின்றனர்?

வேலை தருவோரும் ஒரே வகையினர் அல்லர். அரசுப் பணியில் விதிதான் பேசும். விதியில் 'அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகத்தின் பட்டம் அல்லது அதற்குச் சமமானது' என்றிருந்தால், சமநிலைச் சான்று இல்லாத பட்டத்தை அதிகாரி விரும்பினாலும் ஏற்க இயலாது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையமும் சமமான கல்வித் தகுதி என்று கோருவோரிடம் அதற்குரிய அரசாணையைக் காட்டச் சொல்கிறது.

சட்டத்தால் வரையறுக்கப்பட்ட தொழில்களில் அந்தந்த மன்றம் முடிவு செய்யும். வளைகுடாவில் நம்மவர் பட்ட ஒரு துன்பத்தை இங்கே நினைவுகூரலாம். 2018இல் குவைத் அரசின் மனிதவள ஆணையம், பொறியாளர்கள் குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்க அந்நாட்டுப் பொறியாளர் சங்கத்தின் ஒப்புதலைக் கேட்டது. அச்சங்கமோ இந்தியாவின் தேசிய அங்கீகார வாரியத்தின் தரச்சான்று பெற்ற படிப்புகளையே ஏற்றது. அவ்வாரியம் 1994இல்தான் அமைக்கப்பட்டது. அதன் சான்றும் கல்லூரிக்கன்று, ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனியே வழங்கப்படுவது. முறையான கல்லூரியில் நேரில் அமர்ந்து படித்துப் பல்லாண்டு பணியாற்றிய இந்தியப் பொறியாளர்கள் பலர் அந்த ஆண்டில் தவித்துப்போயினர். தாய்நாட்டில் முழு அங்கீகாரம் பெற்ற பட்டத்துக்கே அந்நிலை எனில், அதிகாரப்பூர்வமற்ற பட்டத்தின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

தனியார் நிறுவனங்கள் இவற்றினின்றும் வேறுபட்டவை. அவற்றைச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. 'இவருக்கு வேலை தெரியுமா? கற்றதைப் பயன்படுத்துகிறாரா?' என்பதே அவற்றின் முதற்கேள்வி. நம் மாணவரே இதற்குச் சான்று. அவர் படித்தது சரக்குப் போக்குவரத்து மேலாண்மை. அதைக் கொண்டு தம் நிறுவனத்தின் கிடங்கில் சரக்கு தேங்குவதைக் குறைத்துக் காட்டினார். கல்லூரி ஏற்காத அதே பட்டத்தைக் கண்டு நிறுவனம் அவரைக் கொள்முதல் பிரிவுக்குப் பொறுப்பாளராக்கியது.

ஆனால் தனியார் நிறுவனங்களும் விவரங்களைச் சரிபார்க்கின்றன. வளைகுடாவின் பல துறைகளில் சான்றிதழை வழங்கிய நிறுவனத்துக்கே நேரடியாக எழுதிக் கேட்கும் முறை உள்ளது. சொந்தப் பட்டத்தை அதிகாரப்பூர்வப் பட்டம் போல் விண்ணப்பத்தில் எழுதியவர் அச்சோதனையில் அகப்பட்டால், பட்டத்துடன் நம்பிக்கையும் போய்விடும். 'இன்ன பல்கலைக்கழகத்தின் சொந்தப் பட்டம், 60 கிரெடிட், இன்ன பாடம்' என்று உள்ளபடி எழுதுபவருக்கு அந்த அச்சம் இல்லை. அமானிதத்தைப் பேணுவது கல்விச் சான்றிலும் கடமையன்றோ?

அப்போஸ்டில் முத்திரை எதைச் சொல்கிறது?

நம் மாணவர் உறையிலிருந்து இன்னொரு தாளையும் எடுத்துக் காட்டினார். "ஸ்பெயின் அரசே அப்போஸ்டில் முத்திரை குத்தியிருக்கிறதே, ஹஜ்ரத்?" என்றார்.

பலரையும் மயக்குவது இம்முத்திரையே. 1961ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையின்படி, ஓர் ஆவணத்திலுள்ள கையெழுத்தும் முத்திரையும் உரியவருடையவை என்பதற்கு அப்போஸ்டில் சான்று கூறுகிறது. இந்தியா இதில் 2005இலும், சவூதி அரேபியா 2022இலும் சேர்ந்தன. ஆவணத்தின் உள்ளே எழுதியிருப்பது உண்மையா, பட்டம் எந்த வகையைச் சேர்ந்தது என்பன பற்றி அது ஒரு சொல்லும் சொல்வதில்லை. ஸ்பெயினில் சொந்தப் பட்டத்தை நோட்டரி ஒருவரிடம் கொண்டு சென்று உறுதிப்படுத்திய பின்னரே இம்முத்திரையைப் பெறுவது வழக்கம். அதிகாரப்பூர்வப் பட்டமோ அமைச்சகத்தின் வழியே செல்கிறது. தாள் எவ்வழியே வந்தது என்பதே அதன் வகையைக் காட்டிவிடும்.

இணையவழி என்பது குறையா?

இவ்வளவும் படித்தபின், இணையவழிப் படிப்பே வேண்டாம் என்று எண்ணிவிடாதீர்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகம் 2014 ஜனவரியில் கணினி அறிவியலில் இணையவழி முதுகலைப் படிப்பைத் தொடங்கியது. கட்டணம் ஏறத்தாழ 7000 டாலர். முழுவதும் இணையவழியே படித்தாலும், அது அக்கழகத்தின் முறையான முதுகலைப் பட்டமே.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் மற்றொரு வழியைக் காட்டியது. விநியோகச் சங்கிலி மேலாண்மையில் 'மைக்ரோமாஸ்டர்ஸ்' என்னும் இணையவழிச் சான்றை அது வழங்குகிறது. அது பட்டமன்று, பட்டம் என்று அக்கழகம் சொல்வதும் இல்லை. ஆனால் அதில் சிறந்து தேறியவர் முறையான முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பித்து இடம் பெற்றால், முன்னர் கற்றது கணக்கில் கொள்ளப்பட்டு, வளாகத்தில் செலவிடும் காலம் குறைகிறது. உள்ளதை உள்ளபடி சொல்லும் சான்று அடுத்த படிக்கு ஏற உதவும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

நம் நாட்டிலும் வழி உண்டு. 2020ஆம் ஆண்டின் ஒழுங்குமுறையின் கீழ் அனுமதி பெற்ற இந்தியப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலையிலும் இணையவழியிலும் வழங்கும் பட்டங்கள், நேரில் பயின்று பெறும் பட்டங்களுக்குச் சமமானவை என்று மானியக் குழு 2022 செப்டம்பரில் அறிவித்தது. 1985இல் தோன்றிய இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002இல் தோன்றிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இவ்வகைக் கல்விக்கென்றே அமைந்தவை. அனுமதி ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியே வழங்கப்படுவதால், சேரும் ஆண்டில் மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டிலிருந்து படிக்க விரும்பும் நம் சகோதரிகளுக்குக் கடல் கடந்த பட்டத்தைவிட இது பல வேளைகளில் பயனுள்ளது.

பணம் கட்டுமுன் கேளுங்கள்

பிள்ளைகளின் படிப்புக்குப் பணம் கட்டும் பெற்றோரும், தாமே படிக்க முனைவோரும் பின்வருவனவற்றைக் கேட்டு, விடையை எழுத்தில் பெற வேண்டும்.

1. இந்தப் படிப்பு அந்நாட்டு அரசின் பட்டப் பதிவேட்டில் உள்ளதா? ஸ்பெயின் எனில், 'அதிகாரப்பூர்வ மாஸ்டரா, சொந்த மாஸ்டரா?' என்று நேராகக் கேளுங்கள். பதிவேட்டில் நீங்களே தேடிப் பாருங்கள்.

2. சான்றிதழை வழங்குவது எவர்? பல்கலைக்கழகமா, அதன் பெயரில் நடத்தும் வேறு நிறுவனமா? பெற விருக்கும் சான்றிதழின் மாதிரிப் படியை அனுப்பச் சொல்லுங்கள்.

3. இதைக் கொண்டு உங்கள் பல்கலைக்கழகத்திலேயே முனைவர் பட்ட ஆய்வில் சேரலாமா? 'இல்லை' என்று விடை வந்தால், இங்குள்ள பல்கலைக்கழகமும் ஏற்காது என்றே கொள்ளலாம்.

4. நீங்கள் நாடும் வாசல் எது? கல்லூரிப் பணியா, அரசுப் பணியா, இருக்கும் நிறுவனத்தில் உயர்வா, வெறும் அறிவா? அந்த வாசலைக் காப்பவரிடமே முன்கூட்டிக் கேளுங்கள். பட்டத்தை விற்பவர் தரும் உறுதி அவரைக் கட்டுப்படுத்தாது.

5. சமநிலைச் சான்று வேண்டுமாயின் அதற்குரிய விதியைச் சேருமுன் படியுங்கள். படித்து முடித்தபின் விதியைப் படிப்பது காலங்கடந்த செயல்.

நான்காவது கேள்வியே இவற்றுள் தலையாயது. நிறுவனத்தில் உயர்வை நாடுபவருக்குச் சொந்தப் பட்டம் பயன்படலாம். கல்லூரி வாசலை நாடுபவருக்கு அது பயன்படாது. ஒருவருக்குப் பயன்பட்டது என்பதனால் மற்றவருக்கும் பயன்படும் என்று எண்ணுவதே இழப்புக்குக் காரணமாகிறது.

நம் மாணவருக்கு அன்று நாம் சொன்ன விடை இதுதான்: "இது போலியன்று, தம்பி. ஆனால் நீங்கள் நினைத்த பட்டமும் அன்று. நீங்கள் கற்றது உங்களிடம் இருக்கிறது. அதை எவரும் திருப்பி அனுப்ப முடியாது. கல்லூரி வாசலுக்கு மட்டும் வேறு சாவி தேட வேண்டும்."

அவர் சிறிது நேரம் பேசாமல் அமர்ந்திருந்தார். "வளையலைக் கொடுத்தவளிடம் என்ன சொல்வேன்?" என்று மெல்லக் கேட்டார். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள் என்றோம். சொன்னார். அந்தச் சகோதரி குறை கூறவில்லை. அடுத்து எங்கே சேர வேண்டும் என்றுதான் கேட்டாராம்.

இப்போது அவர் இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் தொலைநிலையில் முதுகலை வணிகவியல் படித்து வருகிறார். சேருமுன் மானியக் குழுவின் பட்டியலில் அப்படிப்பின் பெயரைத் தாமே தேடிக் கண்டு, அந்தப் பக்கத்தின் படியை எமக்கும் அனுப்பி வைத்தார். இன்ஷா அல்லாஹ், அடுத்த ஆண்டு தேர்வெழுதுவார். அந்தத் தேடலுக்கு அவருக்குப் பத்து நிமிடம்தான் பிடித்ததாம்.